மருத்துவக் குழு எழுதியதே முடிவா? முன்னாள் படைவீரர்களின் கேள்விகளும் பதில்களும்

இயலாமை ஓய்வூதியம் குறித்து வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. உடல்நலம் பற்றிய செய்திகள் அடங்கியவை என்பதால் கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் 1997-இல் சிப்பாயாகச் சேர்ந்து 2019-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். காஷ்மீரின் குப்வாராவில், கிளர்ச்சியை ஒடுக்கும் ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் பிரிவில் இருந்துவிட்டு 2012-இல் செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்த சில மாதங்களில், ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் எனக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அதுமுதல், உடல்தகுதி குறைந்தவர்களுக்கான லோ மெடிக்கல் கேட்டகிரியில்தான் பணிபுரிந்தேன். ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழு எனது இயலாமையை 30 சதவீதம் என்று மதிப்பிட்டுவிட்டு, இந்த நோய்க்கும் படைப்பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டது. பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் இயலாமை ஓய்வூதியத்தை மறுத்துவிட்டது. முதல் மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. போர்டு எழுதிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று உடன் பணிபுரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா ஐயா?
— முன்னாள் ஹவில்தார், கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்

பதில்: உண்மையன்று. மருத்துவக் குழுவின் கருத்துக்கு மதிப்பு உண்டு; ஆனால் அது தீர்ப்பு அன்று. காரணம் சொல்லாமல் எழுதப்பட்ட கருத்தை நீதிமன்றங்கள் தொடர்ந்து ஒதுக்கி வந்திருக்கின்றன.

இயலாமை ஓய்வூதியத்துக்கு அடிப்படையான நிபந்தனைகள் இரண்டு. இயலாமை 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது படைப்பணியால் நேர்ந்ததாகவோ, படைப்பணியால் தீவிரமடைந்ததாகவோ இருக்க வேண்டும். உங்களுக்கு 30 சதவீதம் என்று குழுவே எழுதிக் கொடுத்திருப்பதால் முதல் நிபந்தனையில் தகராறு இல்லை. மீதமிருப்பது இரண்டாவது நிபந்தனை மட்டுமே.

முதலில், உங்கள் மருத்துவக் குழு நடவடிக்கைகளின் முழு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் அஞ்சல் ஆணையுடன் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிப் பெறலாம். அந்தப் படிவத்தில், நோய் எந்த இடத்தில், எந்த நாளில் முதலில் தெரியவந்தது என்ற பகுதியையும், தொடர்பில்லை என்பதற்கான காரணத்தை எழுத வேண்டிய கட்டத்தையும் பாருங்கள். பெரும்பாலானவர்களின் படிவங்களில் அந்தக் கட்டத்தில், நோய் அமைதிப் பகுதியில் (போரோ கிளர்ச்சியோ இல்லாத பணியிடத்தில்) தொடங்கியது என்ற பொருள்பட ஒரே ஒரு வரிதான் இருக்கும். உங்கள் படிவத்திலும் செகந்திராபாத்தின் பெயரைக் காட்டி அப்படி ஒரு வரி இருந்தால், உங்கள் வழக்கு அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட இடமும் நோய் உருவான இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உயர் ரத்த அழுத்தம் அறிகுறி காட்டாமலே வளரும். கருவியைக் கையில் கட்டிப் பார்க்கும் நாளில்தான் அது தெரியவரும். படை மருத்துவ அலுவலர்களுக்கான ஓய்வூதிய வழிகாட்டி நூலே, களப்பகுதி, மிக உயர்ந்த மலைப்பகுதி, கிளர்ச்சி ஒடுக்கும் பகுதி ஆகியவற்றில் பணிபுரியும்போது தோன்றும் முதன்மை உயர் ரத்த அழுத்தத்தைப் பணியால் தீவிரமடைந்ததாகக் கொள்ளலாம் என்று சொல்கிறது. குப்வாரா அத்தகைய பகுதி என்பதை யாரும் மறுக்க முடியாது. அங்கிருந்து வந்த சில மாதங்களில் நோய் தெரியவந்திருக்கிறது. குப்வாராவிலிருந்து வந்த தேதியையும் நோய் தெரியவந்த தேதியையும் அருகருகே காட்டுவதுதான் உங்கள் மேல்முறையீட்டின் உயிர்நாடி. எனவே, எந்தெந்த ஆண்டில் எங்கே பணிபுரிந்தீர்கள் என்ற விவரப் பட்டியலையும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து கேட்டு வாங்குங்கள். அமைதிப் பகுதியில் நோய் தொடங்கியது என்பதை மட்டும் சொல்லி உரிமையை மறுக்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் தெளிவாகக் கூறியிருப்பது உங்களுக்குத் துணை நிற்கும்.

இனிச் சட்டத்தின் நிலை. இயலாமை ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்பதைச் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் படைவீரருக்கு மிகவும் சாதகமானவை. படையில் சேரும்போது பதிவு செய்யப்பட்ட குறைகளைத் தவிர மற்றபடி அவர் நல்ல உடல்நிலையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் உடல்நலக் காரணத்தால் அவர் அனுப்பப்பட்டால் அந்தச் சீர்கேடு பணியால் வந்தது என்று கருத வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது அன்று. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே சேர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் இவற்றையெல்லாம் ஒருங்கே எடுத்துரைத்தது. நீங்கள் ஓய்வு பெற்ற 2019-இல் நடைமுறையில் இருந்தவை 2008-ஆம் ஆண்டின் விதிகள். அவற்றில், பணிக்காலத்தில் நோய் தெரியவந்தது என்ற ஒன்றே போதாது என்று எழுதப்பட்டிருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் முன்வைப்பார். அதற்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆனால் மெய்ப்பிக்கும் சுமையைச் சாதாரணமாகப் படைவீரர் மீது வைக்கக் கூடாது என்ற விதி 2008-இலும் தொடர்கிறது. 2025 மே மாதத்தில் ராஜுமோன் வழக்கிலும், மருத்துவக் குழு காரணம் கூறுவது வெறும் சடங்கு அன்று, காரணமில்லாத கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆள்சேர்ப்பு முகாமில் ஓடவிட்டு, மார்பளவு எடுத்து, பல்லையும் காதையும் சோதித்து, சிறு குறை கண்டாலும் திருப்பி அனுப்புகிற படை, அத்தனையிலும் தேறிய ஒருவருக்கு 15 ஆண்டுப் பணிக்குப் பிறகு வந்த நோயைப் பரம்பரையின் தலையிலும் உணவுப் பழக்கத்தின் தலையிலும் கட்டுவது நியாயமாகாது. அவர் எதை உண்டார், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதையெல்லாம் அந்த ஆண்டுகளில் தீர்மானித்தது படைதானே?

அடுத்த படி இரண்டாவது மேல்முறையீடு. முதல் மேல்முறையீட்டின் முடிவு கிடைத்த 6 மாதங்களுக்குள் அதை அனுப்ப வேண்டும்; காலம் கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தை நேர்மையாக எழுதி அனுப்புங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் அமர்வில் மனுத் தாக்கல் செய்யலாம். அதற்கும் 6 மாதக் கெடு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் தீர்ப்பாயம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நேரில் வாதாடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் தோற்றாலும் உயர் நீதிமன்றத்தை நாடும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதி செய்துள்ளது.

கேள்வி: பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்ததால் ஏற்பட்ட எனது இயலாமையைப் பணியால் நேர்ந்தது என்று ஏற்று 40 சதவீதம் வழங்கினார்கள். பணிக்காலம் முழுவதையும் முடித்து 2010-இல் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றேன். என்னைப் போலவே 40 சதவீதம் உள்ள நண்பர் ஒருவருக்கு 50 சதவீதத்துக்கான தொகை வருகிறது. எனக்கு ஏன் வரவில்லை?
— முன்னாள் நாயப் சுபேதார், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: உங்கள் நண்பருக்குக் கிடைப்பது, படைவீரர்கள் ரவுண்டிங் ஆஃப் என்று சொல்லும் சலுகை. பாதுகாப்பு அமைச்சகத்தின் 31-1-2001 நாளிட்ட ஆணைப்படி, 50-க்குக் குறைவான இயலாமை 50 சதவீதமாகவும், 50 முதல் 75 வரையிலானது 75 சதவீதமாகவும், 76 முதல் 100 வரையிலானது 100 சதவீதமாகவும் கணக்கிடப்படும். தொடக்கத்தில், உடல்நலக் குறைவால் இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இதை வழங்கினார்கள். பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே உங்களுக்கும் இது உரியதே.

படை ஓய்வூதியர்களுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் பி.பி.ஓ.வை (ஓய்வூதிய ஆணையை) திறந்து, இயலாமைக் கூறுக்கு, அதாவது ஓய்வூதியத்தில் இயலாமைக்காக வழங்கப்படும் பகுதிக்கு, நேரே எத்தனை சதவீதம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 40 என்றே இருந்தால், ராம் அவதார் தீர்ப்பைக் குறிப்பிட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்புங்கள். 100 சதவீத இயலாமைக்குக் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம் என்பது இயலாமைக் கூறின் கணக்கு. இயலாமை குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். கணக்குக்காக ஊதியம் 50,000 ரூபாய் என்று கொண்டால், 40 சதவீதத்துக்கு மாதம் 6,000 ரூபாயும், 50 சதவீதத்துக்கு 7,500 ரூபாயும் வரும். இதன்மேல் அகவிலை நிவாரணம் தனி. மாதந்தோறும் இந்த வேறுபாடு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதால் இதைச் சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

நிலுவைத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. மாதந்தோறும் நிகழும் குறைவு என்பதால் தாமதமாகக் கேட்டாலும் உரிமை போய்விடாது. ஆனால் நிலுவையைப் பொதுவாக, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே வழங்கலாம் என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான். இந்த மாதமே எழுதுங்கள்.

கேள்வி: என் கணவர் 1996-இல் படையில் சேர்ந்தார். 2003-இல் மனச்சிதைவு நோய் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சிறு தொகை மொத்தமாகக் கொடுத்தார்கள், ஓய்வூதியம் இல்லை. பிறவிக் கோளாறு என்பதால் எதுவும் கிடைக்காது என்று அப்போது சொன்னார்கள். நான் வீட்டு வேலை செய்துதான் அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கேட்கலாமா? எங்களிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது.
— ஒரு வாசகி, முதுகுளத்தூர் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் உங்கள் வழக்கில் காலம் மிக முக்கியம் என்பதால், முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

ஓய்வூதியம் பெறாத படைவீரர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவது வழக்கம். உங்கள் கணவர் அனுப்பப்பட்டது 2003-இல். 2028-இல் அந்தக் கெடு முடிகிறது. அதற்கு முன் அவருடைய மருத்துவக் குழு நடவடிக்கைகள், சேர்க்கையின்போது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, மருத்துவமனைச் சிகிச்சைத் தாள்கள் ஆகியவற்றின் நகல்களை நீங்கள் பெற்றுவிட வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் அவருடைய படை எண்ணும் ரெக்கார்ட் ஆபீஸின் பெயரும் இருக்கும். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் என்றால் அந்த அலுவலகம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. தகவல் உரிமை மனுவை அவர் பெயரிலேயே எழுதி, அவருடைய கையெழுத்தையோ பெருவிரல் ரேகையையோ வாங்கி அனுப்புங்கள். மருத்துவ விவரங்கள் தனிமனிதருக்கு உரியவை என்பதால், உங்கள் பெயரில் கேட்டால் மறுக்க இடமுண்டு. ஆவணங்கள் அழிந்துவிட்ட நிலையில் 15 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை கோரினால் மெய்ப்பிக்கும் பொறுப்பு கோருபவருடையது என்று 2008-ஆம் ஆண்டின் விதிகளில் ஒரு பகுதி உண்டு. அந்த நிலைமை வராமல் தடுப்பதே இப்போதைய வேலை.

மனநோய் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் எப்போதும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. 2013-இல் மனச்சிதைவு நோயால் அனுப்பப்பட்ட ஒரு படைவீரரின் வழக்கில், மறு ஆய்வு மருத்துவக் குழுவின் முன் அவரை நிறுத்துமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கிலோ, இத்தகைய நோய்களைச் சேர்க்கையின்போதே கண்டுபிடித்துவிட முடியாது என்றும், சேரும்போது குறிக்கப்படவில்லை என்பதால் மட்டும் பணியால் வந்தது என்று கொள்ள முடியாது என்றும் கூறி உரிமையை மறுத்தது. பின்னர் 2025-இல் ராஜுமோன் வழக்கு வந்தது. அவரும் மனச்சிதைவு நோய் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்தான். ஏன் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு காரணம் கூறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது.

ஆகவே, உங்கள் கணவரின் மருத்துவக் குழுத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே வழக்கின் வலிமை அமையும். பிறவிக் கோளாறு என்ற சொல்லுக்குக் கீழே, அதை எதை வைத்துச் சொல்கிறார்கள் என்ற விளக்கம் இருக்கிறதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் இருந்ததாக யாரேனும் விசாரித்துப் பதிவு செய்தார்களா? நோய் முதலில் தெரியவந்தபோது அவர் எந்த எல்லையில், எப்படிப்பட்ட பணியில் இருந்தார்? பணிபுரிந்த ஏழு ஆண்டுகளில் எவ்வளவு காலத்தை அவர் நோயின்றிக் கழித்தார்? இவற்றுக்கான விடைகளோடு சென்னைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றால் வாய்ப்பு இருக்கிறது. அவர் அனுப்பப்பட்டது 2003 என்பதால் படைவீரருக்குச் சாதகமான 1982-ஆம் ஆண்டின் விதிகளைச் சார்ந்து வாதாடலாம் என்பதும் உங்கள் பக்கம் உள்ள பலம். 1989-இல் அனுப்பப்பட்ட, சியாச்சினில் பணிபுரிந்த ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில்தான் இயலாமை ஓய்வூதியம் வழங்கியது. பழைய வழக்கு என்பதற்காகக் கதவு அடைபட்டுவிடுவதில்லை.

ஒருவேளை யாரேனும் 2020-ஆம் ஆண்டின் ஆணையைச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை ஊட்டியிருக்கலாம். பணியோடு தொடர்பில்லாத நோயால், 10 ஆண்டுப் பணி முடியும் முன்பே அனுப்பப்பட்டு, வேறு வேலையும் செய்ய இயலாதவர்களுக்கு நோய்வாய் ஓய்வூதியம் வழங்கும் நல்ல ஆணை அது. ஆனால் 4-1-2019 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அந்தத் தேதிக்கு முன் அனுப்பப்பட்ட ஏழைக் குடும்பங்களை விட்டுவிட்டது அந்த ஆணையின் பெரிய குறை. அதை நீட்டிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வழக்குச் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் சென்று உதவி இயக்குநரைப் பாருங்கள். படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி வழங்க, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் தனித் திட்டமொன்றைத் தொடங்கி, இத்தகைய அலுவலகங்களின் வழியாக உதவ ஏற்பாடு செய்துள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் நேரடியாக மனுக் கொடுக்கலாம். பெண் என்ற முறையிலேயே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. இயலாமை ஓய்வூதியம் கிடைத்துவிட்டால், ஓய்வூதியர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் சேரும் வழியும் திறக்கும். அவருடைய மருந்துச் செலவு உங்கள் கூலியிலிருந்து போகாமல் இருக்க அதுவே நிலையான தீர்வு. அதுவரை அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடர்ந்து காட்டி, ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நோய் விடாமல் தொடர்கிறது என்பதற்கு அவையே சான்று.

கேள்வி: என் தம்பி படையில் நாயக். 12 ஆண்டுகள் பணிபுரிந்துள்ளார். ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது, சந்தைக்குச் செல்லும் வழியில் லாரி மோதி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டார். விடுப்பும் பணிக்காலம்தானே, அதனால் இயலாமை ஓய்வூதியம் உண்டு என்கிறார்கள் சிலர். சரியா?
— ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: விடுப்பில் இருப்பவர் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்பது சரி. ஆனால் அது மட்டும் போதாது. காயத்துக்கும் படைப்பணிக்கும் ஏதேனும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்பதில் உச்ச நீதிமன்றம் உறுதியாக இருக்கிறது. சொந்த வேலையாகச் சந்தைக்குச் செல்லும்போது நேர்ந்த விபத்தில் அந்தத் தொடர்பைக் காட்டுவது மிகக் கடினம். உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

இதே விபத்து, பணியிடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலோ, விடுப்பு முடிந்து திரும்பிச் செல்லும் வழியிலோ நேர்ந்திருந்தால் நிலைமை வேறு. அரசுச் செலவில் பயணம் செய்யத் தகுதியுள்ள அந்தப் பயணத்தை விதிகளே பணியாகக் கொள்கின்றன. சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கியிருந்தார் என்ற காரணத்தைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று 1999-இல் மதன் சிங் ஷெகாவத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கும் இது பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

உங்கள் தம்பியை உடல்நலக் காரணத்தால் படையிலிருந்து அனுப்பினால், 10 ஆண்டுகளுக்கு மேல் பணி இருப்பதால் அவருக்கு நோய்வாய் ஓய்வூதியம் கிடைக்கும். லாரி மோதியதற்கான இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கோரலாம். செயற்கைக் காலுக்கு, புனேயில் 1944 முதல் இயங்கிவரும் படையின் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. அங்கே அனுப்புமாறு அவருடைய பிரிவின் வழியாகவே இப்போதே கேளுங்கள். படையை விட்டு வந்த பிறகு கேட்பதைவிடப் பணியில் இருக்கும்போது கேட்பது எளிது.

கேள்வி: நிலுவைத் தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் அதில் 30 சதவீதம் கேட்கிறார். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
— முன்னாள் படைவீரர், திருவண்ணாமலை

பதில்: இரண்டையுமே கொடுக்காதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவது வழக்கறிஞர்களுக்கே தடை செய்யப்பட்டது. இடைத்தரகருக்கு எந்த உரிமையும் இல்லை. நிலுவைத் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் பிறர் கையில் இருந்தால் வங்கிக் கணக்கு எண்ணையே மாற்றிவிட முடியும். அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பீரங்கிப் படையில் 20 ஆண்டுகள் இருந்தேன். இரண்டு காதுகளிலும் கேள்திறன் குறைந்துவிட்டது. போர்டு அதைப் பணியால் நேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் 20 சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதிவிட்டது. 2021-இல் பணிக்காலம் முடிந்து வந்தேன். இப்போது பேரன் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?
— முன்னாள் ஹவில்தார், சங்கரன்கோவில்

பதில்: உங்களுக்குக் கடினமான பகுதி முடிந்துவிட்டது. பீரங்கி ஓசைதான் காரணம் என்று படையே ஒப்புக்கொண்டிருப்பதால் வாதம் சதவீதத்தைப் பற்றியது மட்டுமே. உடல்நலக் குறைவால் இடையிலேயே அனுப்பப்பட்டவர் என்றால், படையில் வைத்திருக்கவே இயலாத ஒருவரின் இயலாமை 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க முடியாது என்ற 2014-ஆம் ஆண்டின் சுக்விந்தர் சிங் தீர்ப்பு துணைக்கு வரும். பணிக்காலத்தை முடித்து வந்தவருக்கு அந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தாது. 20 சதவீத வரம்பை நீங்கள் எட்டியாக வேண்டும்.

இயலாமை அதிகரித்திருந்தால் மறுமதிப்பீடு கோரும் உரிமை படைவீரருக்கு உண்டு. முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போர்டின் முன் நிறுத்தி மதிப்பிட்டு வந்தார்கள். 2001-இல் அந்த அலைக்கழிப்பை நிறுத்தினார்கள். நிரந்தர இயலாமை பற்றிய மதிப்பீடு வாழ்நாள் முழுமைக்கும் இறுதியானது, படைவீரரே மறு ஆய்வு கேட்டால் தவிர, என்பதே அந்த ஏற்பாடு. ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் பதிவு செய்து, அவர்கள் பரிந்துரைக்கும் மருத்துவமனையில் கேள்திறன் சோதனை செய்து, அந்த வரைபடத்தை இணைத்து மறு ஆய்வு மருத்துவக் குழுவின் முன் நிறுத்துமாறு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். ஓய்வு பெற்ற நாளின் சோதனை வரைபடத்தையும் கேட்டு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். காதில் ஓயாத இரைச்சல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மறு ஆய்வின் முடிவு வரும்வரை காத்திராமல், காதுகேட்கும் கருவியை ஈ.சி.எச்.எஸ். வழியாக இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் அக்னிவீரராகச் சேர்ந்திருக்கிறான். பயிற்சியிலோ பணியிலோ அடிபட்டால் அவனுக்கும் இயலாமை ஓய்வூதியம் உண்டா?
— ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: மாதாந்திர இயலாமை ஓய்வூதியம் அவருக்கு இல்லை. நான்கு ஆண்டுப் பணிக்கு மட்டும் ஆள் சேர்க்கும், 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி, பணியால் நேர்ந்த இயலாமைக்கு ஒரே தவணையில் கருணைத் தொகை வழங்கப்படும்: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75 சதவீதத்துக்கு 25 லட்சம், 50 சதவீதத்துக்கு 15 லட்சம் ரூபாய். இதனுடன், நான்கு ஆண்டுகளில் எஞ்சிய காலத்துக்கான ஊதியமும் சேவை நிதி என்ற மொத்தத் தொகையும் உண்டு. இருபது வயதில் காலை இழக்கும் இளைஞன் அதன்பின் வாழப்போகும் ஐம்பது ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்பாடு போதாது. பக்கத்துப் பதுங்கு குழியில் நிற்கும் நிரந்தரப் படைவீரருக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று அரசை வலியுறுத்துவது நம் கடமை.

இங்கும் பணியோடு தொடர்பு உண்டா இல்லையா என்பதே முதல் கேள்வி. ஆகவே உங்கள் மகனிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: சிறிய காயமாக இருந்தாலும், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் அன்றே பிரிவு மருத்துவரிடம் காட்டி, எப்போது, எந்தப் பணியின்போது, எப்படி அடிபட்டது என்ற விவரங்களுடன் காய அறிக்கை எழுதச் செய்து, அதன் நகலை வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டும்.